கெய்ரோ நகரத்துப் பொன்னணிகள்

சென்ற தீபாவளிக்கு முந்திய வாரத்தில், நம் சங்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மையாருக்குத் துணையாக ஜவேரி பஜார்ப் பக்கம் சென்றிருந்தோம். அவர் கையில் ஒரு சிறு துணிமுடிச்சு இருந்தது. அதனுள் அவருடைய பாட்டியார் அணிந்த ஜடைபில்லை. நடுவே சிவப்புக் கற்கள் பதித்து, விளிம்பைச் சுற்றி அரும்பு அரும்பாகப் பொன்மணிகளை ஒட்டிய பழைய வேலை. அதை அழித்து மகளுக்கு வளையல் செய்துவிடலாம் என்பது அம்மையாரின் எண்ணம். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், தராசிலிட்டார், உள்ளே அடைத்த அரக்குக்கும் கற்களுக்கும் இவ்வளவு கழிய வேண்டும் என்று கணக்குச் சொன்னார். “இந்த வேலைக்கு என்ன தருவீர்கள்?” என்று அம்மையார் கேட்டார். “பழைய வேலைக்கு விலை ஏது, மாஜி? எடைக்குத்தான் விலை” என்று கடைக்காரர் பணிவாகவே விடை கூறினார். அவர் கூறியதில் பிழை ஒன்றும் இல்லை. உலகெங்கும் கடைத்தெருவின் நியாயம் அதுவே.

ஆயினும் அச்சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில், எடை மிகக் குறைந்ததும் வேலை மிக நுண்ணியதுமான பொன்னணிகளைச் செய்து புகழ் பெற்ற ஒரு கொல்லர் கூட்டம் இருந்தது. அவர்கள் செய்த அணிகளுள் இன்று எஞ்சியிருப்பவை சிலவே. மற்றவை எவ்வாறு மறைந்தன என்பதற்கும் மேற்படி கடைக்காரரின் விடையே விளக்கமாகும். அந்த அணிகளைப் பற்றியும், அவற்றைச் செய்தோரைப் பற்றியும் நாம் அறிந்தவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

ஃபாத்திமியர் எனும் அரச மரபினர் 909-ஆம் ஆண்டில் இன்றைய துனீசிய நாட்டில் ஆட்சியை நிறுவி, 969-இல் எகிப்தைக் கைப்பற்றிக் கெய்ரோ நகரை அமைத்தனர். 1171 வரை அவர்கள் ஆட்சி அங்கே நிலைத்தது. சகாரா பாலைவனத்தைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பொன்னும், நூபியச் சுரங்கங்களின் பொன்னும் அவர்கள் கருவூலத்தை நிரப்பின. அவர்கள் அச்சிட்ட தீனார் என்னும் பொற்காசு ஏறக்குறைய நாலேகால் கிராம் எடையுள்ளது. மாற்றுக் குறையாதது என்று மத்தியதரைக் கடல் எங்கும் நம்பிக்கை பெற்றது. நடுத்தரக் குடும்பம் ஒன்று மாதம் இரண்டு தீனாரில் காலம் தள்ளலாம் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். நம் வழக்கில் சொன்னால், ஒரு சவரனுக்குச் சற்று மேற்பட்ட பொன் ஒரு மாதச் செலவு.

பாரசீகப் பயணியான நாசிர் குஸ்ரவ் 1047-இல் கெய்ரோவை அடைந்து, அந்நகரத்தின் செல்வத்தைக் கண்டு வியந்து எழுதினார். துணி விற்போரும் காசு மாற்றுவோரும் நகை வணிகரும் இரவில் கடைக்குப் பூட்டுக்கூடப் போடுவதில்லை, முகப்பில் ஒரு வலையை இறக்கிவிட்டுச் செல்கின்றனர், எவரும் தொடுவதில்லை என்பது அவர் தரும் செய்தி. பயணிகள் சற்று மிகைப்படுத்துவது உண்டுதான். எனினும் இந்த வலையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது.

இனி அவர்கள் கைத்தொழிலைக் காண்போம். பொன்னை முதலில் புடமிட்டுத் தூய்மை செய்தனர். பொன்னைத் தகடாக்கி, உப்பும் செங்கற்பொடியும் கலந்த தூளினிடையே அடுக்கி, நெடுநேரம் சூட்டில் வைத்தால் கலப்பாக இருக்கும் வெள்ளி பிரிந்து போய்விடும். பத்தாம் நூற்றாண்டில் யேமன் நாட்டில் வாழ்ந்த அல்-ஹம்தானி என்பவர் பொன், வெள்ளி இரண்டைப் பற்றியுமே தனி நூல் ஒன்று இயற்றினார். அவ்விரு உலோகங்களையும் ‘இரண்டு ஜவ்ஹர்கள்’ என்று அந்நூலின் பெயர் குறிக்கின்றது. அந்த ஜவ்ஹர் என்ற சொல்லே ஜவ்ஹரி ஆகி, ஜவேரி ஆகி, நாம் அன்றாடம் நடக்கும் கடைத்தெருவுக்குப் பெயராய் நிற்கின்றது.

தூய்மை செய்த பொன்னைத் தலைமயிர் போன்ற கம்பியாக்குவர். இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கையே கோடாகக் கொண்டு கொடிகளையும் சுருள்களையும் வளைப்பர். பின்னே தகடு கிடையாது. கம்பிக்கும் கம்பிக்கும் இடையே வெளிச்சம் புகும். ‘முஷப்பக்’ என்று அக்காலத்தார் இவ்வேலையைக் குறித்தனர். பின்னல், வலை என்பது பொருள். ஒடிசாவில் வாழும் நம்மவர் கட்டாக் நகரத்து வெள்ளிக் கம்பி வேலையைக் கண்டிருப்பர். ஏறத்தாழ அது போன்றதைப் பொன்னில் நினைத்துக்கொள்ளலாம்.

கம்பியின் மேல் பொன்மணிகளை ஒட்டுவது அடுத்த வேலை. கடுகைவிடச் சிறிய மணிகள் அவை. அச்சில் வார்த்தோ உளியால் செதுக்கியோ அவற்றைச் செய்வதில்லை. பொன் துணுக்குகளைக் கரித்தூளின் நடுவே ஒன்றோடொன்று தொடாமல் இட்டுச் சூடேற்றினால், உருகும் துணுக்கு ஒவ்வொன்றும் தானே உருண்டு மணியாகிவிடும். தாமரை இலைமேல் நீர் உருள்வதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். மணி செய்வது இவ்வாறு எளிது. அதை ஒட்டுவதுதான் கடினம். ஒட்டும் பொடியானது நகையின் பொன்னைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். ஆகையால் அதில் செம்பும் வெள்ளியும் சேர்ப்பர். சாமணத்தால் மணியை எடுத்து வைத்து, பொடியிட்டு, ஊதுகுழலால் தீயைச் செலுத்துகையில், பொடி உருகிய அதே கணத்தில் மூச்சை நிறுத்த வேண்டும். ஒரு கணம் தவறினால் மணியும் கம்பியும் சேர்ந்து உருகிப் பல நாள் உழைப்பு ஒரு சிறு கட்டியாகிவிடும். ஒருவர் உள்நோக்கத்துடன் பேசினால் ‘பொடி வைத்துப் பேசுகிறார்’ என்கிறோமே, அவ்வழக்கு நம் ஊர்ப் பொற்கொல்லர் பட்டறையில் பிறந்தது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பார்வைக்குத் தெரியாமல் ஒட்டிவைப்பது பொடியின் தொழில் அல்லவா?

கெய்ரோக் கொல்லர்களின் தனிச்சிறப்பு மற்றொன்று உண்டு. அவர்கள் நகையைத் தட்டையாகச் செய்யாமல் பெட்டி போலச் செய்தனர். முன்புறம் கம்பி வலை; பக்கத்தில் மெல்லிய சுவர்; பின்புறத்திலும் வேலை; உள்ளே வெறும் காற்று. ஓரத்தைச் சுற்றிச் சிறு வளையங்களை ஒட்டி, அவற்றில் முத்துச் சரத்தையோ கற்சரத்தையோ ஓட்டி அழகு செய்வர். கழுத்தில் கிடக்கும்போது பெரிய நகையாகத் தோன்றும். கையில் எடுத்தால் இறகு போல் இருக்கும். பொன்னின் அளவைக் குறைத்து வேலையின் அளவைக் கூட்டுவது இது. இரு சவரனில் ஐந்து சவரன் தோற்றம் வேண்டும் என்று கேட்கும் நம் தாய்மார்கள் இக்கொல்லர்களை மிகவும் விரும்பியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலையில் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த எகிப்தியப் பதக்கம் ஒன்று இருக்கின்றது. பிறை வடிவானது, தீப்பெட்டி ஒன்றின் அளவுக்குள் அடங்கிவிடும். அதன் நடுவே இரண்டு பறவைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. பறவைகள் மீனா வேலையால் ஆனவை. அதாவது, மெல்லிய பொன் நாடாக்களால் பாத்தி கட்டி, பாத்திக்குள் வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பி உருக்கியவை. இந்த மீனாத் தட்டைத் தனியே செய்து முடித்து, ஒரு கல்லைப் பதிப்பது போலப் பதக்கத்தில் பதித்திருக்கின்றனர். கம்பி வேலையுடன் சேர்த்துச் சூளையில் வைத்தால் இரண்டும் கெடும் என்பதைக் கொல்லர் அறிந்திருந்தார் போலும். இவ்வேலைக்குப் பைசாந்தியக் கைவினைஞர் முன்னோடிகள். மீனா என்ற சொல்லோ நம் நாட்டுக்கும் வந்து, ஜெய்ப்பூர் மீனாகாரியாக வாழ்கின்றது.

நகைகளின் காலத்தை எங்ஙனம் அறிகின்றனர் என்ற வினா எழும். செய்தவர் பெயரோ ஆண்டோ பெரும்பாலும் அவற்றில் இல்லை. இங்கே காசு துணை செய்கின்றது. இதற்குச் சிறந்த சான்று எகிப்திலன்றி ஈரானில் கிடைத்தது. அந்நாட்டுப் பொன் காப்பு ஒன்றின் பூட்டின் இருபுறமும் நான்கு அரைக் கோளங்கள் உள்ளன. அவற்றின் அடித்தட்டில் மெல்லிய பொன் தகட்டை ஒரு நாணயத்தின் மேல் வைத்து அழுத்தி அச்செடுத்திருக்கின்றனர். அந்த அச்சில் 991 முதல் 1031 வரை கலீபாவாக இருந்த அல்-காதிர் பில்லாவின் பெயர் காணப்படுகின்றது. எனவே, காப்பு அக்காலத்துக்கு முற்பட்டது ஆகாது. நம் காசுமாலையில் விக்டோரியா மகாராணியின் தலையைக் கண்டு காலம் சொல்வது போன்றதே இது. அந்தக் காப்பின் இணைகள் இரண்டும் பிழைத்தன. ஆனால் ஒன்று நியூயார்க்கிலும் மற்றொன்று வாஷிங்டனிலும் இருக்கின்றன.

மீண்டும் பட்டறைக்குத் திரும்புவோம். ‘தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்’ என்று பொற்கொல்லரைப் பழிக்கும் பழமொழி நம்மிடம் உண்டு. கைத்தொழிலாளர் ஒரு கூட்டத்தையே கள்வராக்கும் அப்பழமொழி நமக்கு உவப்பானதன்று. ஆயினும், அந்த ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அல்-ஷைஸரி எழுதிய நூலால் விளங்குகின்றது. சந்தைக் கண்காணிப்பாளர் கவனிக்க வேண்டியவற்றை அவர் தொழில் தொழிலாக எடுத்துரைக்கின்றார். நகை செய்யக் கொடுத்தவர் முன்னிலையிலன்றிப் பொன்னை உருக்கலாகாது. உருக்குமுன் நிறுக்க வேண்டும். வேலை முடிந்தபின் மீண்டும் நிறுக்க வேண்டும். ஒட்டுப் பொடி சேர்ப்பதானால் அதையும் தனியே நிறுத்துச் சேர்க்க வேண்டும். பட்டறையில் பெருக்கிய குப்பையை விற்பதற்கும் விதி உண்டு. ஏனெனில், அக்குப்பையில் பொன்தூளும் வெள்ளித்தூளும் கலந்திருக்கும். பொன்னுக்குப் பொன்னை ஏற்றத்தாழ்வான எடையில் மாற்றுவது வட்டி வாங்குவதற்கு ஒப்பாகும் என்பது அவர்கள் நெறி. நம் ஊர்களில் பொற்கொல்லர் தெருவின் மண்ணை விலைக்கு வாங்கி அரித்துப் பொன்னெடுப்போரைக் கண்டவர்கள் இவ்விதியின் நுட்பத்தை உடனே உணர்வர்.

அத்தொழிலில் முஸ்லிம்களும் யூதர்களும் ஒருங்கே ஈடுபட்டிருந்தனர். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் வாழ்ந்த மைமோனிதீஸ் (1138–1204) என்னும் யூத அறிஞரிடம் ஒருமுறை ஒரு வழக்கு வந்தது. ஒரே பட்டறையில் யூதர் சிலரும் முஸ்லிம்கள் சிலரும் கூட்டாளிகள். தொழில், ஒரு பட்டறையில் பொன் வேலை. மற்றொன்றில் கண்ணாடி வேலை. வெள்ளிக்கிழமை வருவாய் யூதருக்கும், சனிக்கிழமை வருவாய் முஸ்லிம்களுக்கும் உரியது என்று தமக்குள் வகுத்துக்கொண்டனர், கருவிகள் பொது. இது தகுமா என்பது கேள்வி. தகும் என்று அவர் விடையளித்தார். ஒருவர் வழிபாட்டுக்குச் செல்லும் நாளில் மற்றவர் ஊதுகுழலை எடுப்பார், குமுட்டி ஆறவேண்டியதில்லை.

இத்துணை நேர்த்தியான அணிகள் எங்கே போயின? முஸ்லிம்கள் இறந்தோரை வெறுந்துணியில் அடக்கம் செய்வர். நகைகளைக் கல்லறையில் வைப்பதில்லை. ஆகவே, பழைய எகிப்திய மன்னரின் புதையல்களைப் போலத் தோண்டி எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. உயிரோடிருந்தவர் கையில் இருந்தது அடுத்தவர் கைக்குச் சென்றது. பாணி மாறியபோது அழிந்தது. பணம் வேண்டியபோது காசாயிற்று. மூலப்பொருளை அழித்து மீண்டும் செய்வது அக்கால உலகின் இயல்பே. மங்களூரில் 1132 முதல் 1149 வரையிலான காலத்தில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகர், அங்கே வெண்கலப் பட்டறை ஒன்று வைத்திருந்தார். ஏடனிலிருந்த நண்பர்கள் உடைந்த பாத்திரங்களைக் கப்பலேற்றி அனுப்பி, புதியனவாகச் செய்து தருமாறு அவருக்கு எழுதினர். கடல் கடந்து வந்து அழிந்து, மீண்டும் கடல் கடந்தன அப்பாத்திரங்கள்!

பொன்னுக்கோ இதனினும் கொடிய காலம் வந்தது. கலீபா அல்-முஸ்தன்ஸிரின் ஆட்சியில், 1065 முதல் ஏழாண்டுகள் நைல் நதி பொய்த்தது. ஊதியம் கேட்டுக் கிளர்ந்த படைவீரர்கள் 1067–68-இல் அரண்மனைக் கருவூலத்தைச் சூறையாடினர். மாணிக்கக் கண்களும் மீனா இறகுகளும் கொண்ட பொன் மயில் ஒன்று அங்கே இருந்தது என்று பழைய நூல் ஒன்று கூறுகின்றது. அந்த மயிலை இன்று எவரும் காண முடியாது.

அரண்மனையை விடுவோம், வீட்டு நகைக்கு நேர்ந்தது யாது? பிற்கால வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி (1364–1442) எகிப்தின் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு பெண்மணியின் கதையைச் சொல்கின்றார். செல்வக் குடியில் பிறந்தவர். அவரிடம் ஆயிரம் தீனார் பெறுமான ஒரு கழுத்தணி இருந்தது. ஆயிரம் தீனார் எனின், சுமார் 530 சவரன் பொன். அதைக் கொடுத்து மாவு வாங்க ஒவ்வொருவரிடமும் சென்றார், மறுத்தனர். இறுதியில் ஒருவர் மனமிரங்கி ஒரு மூட்டை மாவு தந்தார். காவலரைத் துணைக்கு வைத்து ஸுவைலா வாயில் வரை கொண்டுவந்துவிட்டார். அதற்கப்பால் பசித்த கூட்டம் மூட்டையைப் பறித்தது. அவரும் கூட்டத்தோடு முட்டி மோதித் தம் மாவிலேயே கையளவு அள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தார். அதில் ஒரே ஓர் அப்பம் சுட முடிந்தது. அந்த அப்பத்தை உயரத் தூக்கிப் பிடித்து, அரண்மனை வாயிலில் நின்று, மன்னர் ஆட்சியின் சிறப்பால் ஆயிரம் தீனாருக்கு ஓர் அப்பம் வாங்கும் பேறு தமக்குக் கிடைத்தது என்று ஊரார் கேட்கக் கூவினாராம். வலையை மட்டும் இறக்கிவிட்டுக் கடைக்காரர்கள் உறங்கிய அதே நகரம் இது. கழுத்தணியின் வேலைப்பாட்டைப் பற்றி அல்-மக்ரீஸி ஒரு சொல்லும் எழுதவில்லை. விலையை மட்டும் எழுதினார்.

ஒளித்து வைத்தவர் மீண்டு வராததால் பிழைத்த நகைகளும் உண்டு. இஸ்ரேல் நாட்டுக் கடற்கரையில் உள்ள சிசேரியா நகரத்தில், 2018-இல் ஒரு கிணற்றின் கற்களுக்கிடையே சிறு வெண்கலக் குடுவை கிடைத்தது. அதனுள் 24 பொற்காசுகளும் பொற்காதணி ஒன்றும் இருந்தன. காசுகளுள் 18 ஃபாத்திமியருடையவை. மற்றவை பைசாந்திய நாட்டவை. 1101-இல் சிலுவைப் போர்ப் படையினர் அந்நகரைப் பிடித்தபோது மக்கள் பலர் மடிந்தனர். குடுவையை ஒளித்தவரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

ஆனால், இந்த அணிகளைப் பற்றி நமக்கு மிகுதியாகத் தெரிவிப்பவை புதையல்கள் அல்ல, தாள்கள். ஃபுஸ்தாத்தில் யூதர்களின் பழைய தொழுகைக்கூடம் ஒன்று உண்டு. இறைவன் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய தாளை எறியலாகாது என்று, கடிதம், கணக்கு, பத்திரம் அனைத்தையும் அங்கே ஓர் அறையில் போட்டு வந்தனர். கெனிஸா என்பது அதன் பெயர். 1896–97-இல் ஷெக்டர் என்ற பேராசிரியர் அங்கிருந்து ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் பல, அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதியவை. காயல்பட்டினத்துப் பெரியோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழை இது நினைவூட்டுகின்றது. கொய்தைன் என்ற அறிஞர் இத்தாள்களை ஆராய்ந்து 1967 முதல் 1988 வரை ஐந்து தொகுதிகளாக எழுதிய நூலே இத்துறைக்கு அடிப்படை.

அத்தாள்களில் நூற்றுக்கணக்கான சீர்வரிசைப் பட்டியல்கள் உள்ளன. மணமகள் கொண்டுவந்த பொருள்கள் ஒவ்வொன்றும் விலையுடன் எழுதப்பட்டுள்ளன. முதலில் பொன்னணிகள், அடுத்து உடைகள், பின்னர்ப் படுக்கை, அதன்பின் செப்புப் பாத்திரங்கள். பிறை வடிவப் பதக்கம், காப்புகள், காலணியான தண்டை, அம்பர் என்னும் நறும்பொருளைப் பொன்னில் பொதிந்த ‘அன்பரீனா’ மாலை எனப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கம்பி வேலையா, மீனா வேலையா என்பதையும் குறித்திருக்கின்றனர். கடைக்காரர் மறந்த வேலையைப் பட்டியல் எழுதியவர் மறக்கவில்லை! இது வீண் பெருமைக்கு எழுதியதன்று. சீர் பெண்ணின் சொத்து. கணவன் இறந்தாலோ மணம் முறிந்தாலோ அது அவளுக்கே திரும்ப வேண்டும். அதற்கு இப்பட்டியலே சான்று. சில குடும்பத்தார் கௌரவத்துக்காக விலையை உயர்த்தி எழுதியதும் உண்டு. ஆதலால், எழுதிய தீனார் மெய்யான தீனாரே என்று சில பத்திரங்களில் உறுதி கூற நேர்ந்தது. சம்பந்திகள் எந்த நாட்டிலும் சம்பந்திகளே.

இவற்றையெல்லாம் நாம் சொல்லக் கேட்ட அந்த அம்மையார், மறுநாள் தம் வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டியாருக்கு 1929-இல் கும்பகோணத்தில் திருமணம் நடந்தபோது எழுதிய நகைப் பட்டியல் அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அட்டிகை ஒன்று, காசுமாலை ஒன்று, காசு 28, வங்கி ஒரு ஜோடி, ஒட்டியாணம், ஜிமிக்கி, ராக்குடி, ஜடைபில்லை. ஒவ்வொன்றின் எதிரிலும் எடை. அதன் பக்கத்தில், பிற்காலத்தில் வேறு வேறு மையில், பாட்டியார் கையெழுத்தில் சிறு குறிப்புகள்: ‘அழித்தது, நிலவரி பாக்கி’, ‘விற்றது, மூத்தவன் பம்பாய்ப் பயணம், 1956’, ‘அழித்தது, சின்னவன் காலேஜ்’, ‘விற்றது, மாட்டுங்கா வீட்டுப் பகடி’. ஜடைபில்லைக்கு எதிரே மட்டும் எடைக்குப் பின் ஒன்றும் எழுதப்படவில்லை. முடிச்சு இன்னும் அவிழாமல் மேசைமேல் இருந்தது.